ஓடுபாதையின் பின்வரிசைக்காரன்

ஆயிரம் முறை சரியாகச் செய்த ஒரு காரியத்தை, ஆயிரத்தோராவது முறை வேறொரு ஊரில் அப்படியே செய்துவிட்ட மனிதனை எதைச் சொல்லிக் குற்றவாளி ஆக்குவது? காரியமும் மாறவில்லை, செய்தவனும் மாறவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. எத்திமோனியைத் தெரிந்த எங்களுக்கு இது புத்தகத்தில் படித்து மறக்கிற கேள்வி அல்ல. நான்கு வருடம் இந்தக் கேள்வி எங்கள் துவாலுத் தீவுகளின் தலைநகரான ஃபுனாஃபுத்தியின் ஒற்றைச் சாலையில் எங்கள் எதிரே நடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

எங்கள் ஊருக்கு விமானம் வாரத்தில் மூன்று நாள்தான் வரும். மற்ற நேரமெல்லாம் ஓடுபாதை எங்களுடையது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு முனையில் வாலிபால், நடுவில் கால்பந்து, மறுமுனையில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள். இத்தனை பெரிய சமதளம் நாட்டில் வேறு எங்கும் கிடையாது. துவாலுவின் தேசிய அணியில் ஆடிய எல்லோரும் இந்தத் தாரின்மேல் முழங்காலைத் தேய்த்தவர்கள்தான்.

எத்திமோனிக்கு விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் வேலை. தீ என்று ஒன்றை அவன் பார்த்ததில்லை. விமானம் வருவதற்கு முன் சைரனை ஊதிக்கொண்டு ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வண்டியை ஓட்டி, பன்றி, நாய், ஆட்டக்காரர்கள் எல்லோரையும் விரட்டுவதே அவன் வேலை. வேலை இல்லாத நாளில் அவனே ஆடிக்கொண்டிருப்பான். அப்போது சைரன் கேட்டால் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, "வெளிய, வெளிய, எல்லாரும் வெளிய" என்று கத்துவான். பந்துக்குப் பக்கத்தில் இருக்கிறவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். இருபத்திரண்டு பேரும் புல்வெளிக்கு ஓடிவிடுவார்கள். நாற்பது விநாடியில் ஓடுபாதை காலியாகிவிடும். அவன் கத்தி யாரும் ஓடாமல் நின்றதில்லை.

ஆட்டக்காரனாக அவனை அதிகம் புகழ முடியாது. திரும்புவதில் மந்தம். இடது கால் உடம்பைத் தாங்குவதற்கு மட்டும். ஆனால் பந்து எங்கே வரும் என்று பார்த்து முன்பே அங்கே போய் நின்றுவிடுவான். அது திறமையா, மெதுவான கால்களுக்கு அவன் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியமா என்று எனக்கு இன்றும் தெரியாது. பத்தொன்பது வயதில் தேசிய அணிக்கு வந்தான். பதினான்கு வருடத்தில் இரண்டு ஆட்டம் சமனில் முடிந்தது, மற்றவை தோல்வி. தோற்கும் அணியில் பின்வரிசையில் நிற்கிறவனின் வேலையை யாரும் பார்ப்பதில்லை. ஏழு கோல் விழுந்தது என்று வானொலியில் சொல்வார்கள். விழாமல் போன ஐந்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அவனுடைய முப்பத்து மூன்றாம் வயதில், பசிபிக் விளையாட்டுப் போட்டியில், கிரிபாத்தியோடு ஆட்டம். பக்கத்து நாடு, எங்களைப்போலவே மணல் திட்டுகளில் வாழ்கிறவர்கள். யாரிடம் தோற்றாலும் எங்களுக்குத் தூக்கம் வரும், அவர்களிடம் தோற்றால் வராது. ஆளுக்கு ஒரு கோல், ஆறு நிமிடம் பாக்கி. அப்போது மைதானத்துக்குப் பின்னால் இருந்த சாலையில் ஒரு தீயணைப்பு வண்டி சைரன் ஊதிக்கொண்டு போனது.

எத்திமோனி இரண்டு கைகளையும் தூக்கினான். "வெளிய, வெளிய, எல்லாரும் வெளிய."

பின்வரிசையில் இருந்த மற்ற மூவரும் எல்லைக் கோட்டுக்கு ஓடினார்கள். கோல் கீப்பர் பெத்தியோவும் ஓடினான். பந்து கிரிபாத்திக்காரன் ஒருவனின் காலடியில் இருந்தது. அவன் ஒரு கணம் திகைத்து நின்று நடுவரைப் பார்த்தான். நடுவரும் அவனைப் பார்த்தார். இப்படி ஒன்றுக்கு அவருடைய விதிப்புத்தகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பிறகு அந்த ஆள் பந்தை உருட்டிக்கொண்டு நடந்தே போய் வலைக்குள் விட்டான்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் வைசேயா பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபிஜிக்காரர். எங்கள் அணிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"யாராவது ஒருத்தர் எனக்கு வெளக்குங்க."

பெத்தியோதான் சொன்னான். "எங்க ஊர்ல அப்படித்தான், கோச்."

"எப்படித்தான்?"

"இவன் கத்தினா ஓடிருவோம். நான் ஓடிப்போய் நின்னு பிளேன் எங்கடான்னு மேல பாக்குறேன். கீழ பாத்தா பந்து நெட்டுக்குள்ள கெடக்கு."

வைசேயா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்பது பற்றி அந்த அறையில் இருந்தவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஊர் திரும்பியதும் தொடங்கியது. கடையில் அரிசி வாங்க நின்றால், "எத்திமோனி, நடுவுல நிக்காதப்பா, பிளேன் வருது." தேவாலயத்தில் மணி அடித்தால், "பாத்து, ஓடிராத." இதெல்லாம் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடும். ஓயாத ஒன்று தீவு மண்டபத்தில் பிறந்தது.

எத்திமோனியின் குடும்பம் நியுத்தாவோ தீவைச் சேர்ந்தது. தலைநகரில் இருக்கும் நியுத்தாவோக்காரர்கள் விருந்து என்றால் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். ஆண்கள் மரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையால் அடித்துப் பாட, பெண்கள் பின்னால் வரிசையாக நின்று ஆடுவார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேகம் கூட்டி, பெட்டி உடைகிற மாதிரி அடித்து, சட்டென்று நிறுத்துவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தின் முறை. ஒரு பக்கம் கேலி செய்தால் மறுபக்கம் பதில் பாட்டுக் கட்ட வேண்டும். பதில் வரும்வரை கேலிப் பாட்டுக்குத்தான் ஆயுள். கல்யாணம், ஞானஸ்நானம், அமைச்சர் வருகை, எல்லாவற்றிலும் அது வரும்.

அந்த வருட ஈஸ்டர் விருந்தில் எதிர்ப்பக்கம் பாடியது:

கை தூக்கினான் எத்திமோனி,
கால் எடுத்தோம் நாங்கள்.
வானத்தில் தேடினோம்,
வந்தது ஒரு கொக்கு.

எட்டாவது தடவை பாடும்போது மண்டபமே அதிர்ந்தது. எத்திமோனியின் மனைவி சுலுஃபைங்கா பிறந்தது எதிர்ப்பக்கம். விருந்துகளில் அவள் அந்த வரிசையில்தான் நிற்பாள். அன்றும் நின்றாள், ஆடினாள். கேலிக்கு ஆளானவன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். எத்திமோனி உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "நீயும் ஆடினே."

"பாட்டு நல்லா இருந்துச்சு. இடுப்பு சொன்ன பேச்சு கேக்கல."

"அது என்னையப் பத்தின பாட்டு, சுலு."

"உன்னையப் பத்தி வந்த மொதல் பாட்டு. பதினாலு வருசம் ஓடி ஓடி வெளையாடினியே, ஒருத்தனாவது ஒரு வரி போட்டானா?"

மறுநாள் எத்திமோனி தன் பக்கத்துக்குப் பாட்டுக் கட்டுகிற லுசாமாவிடம் போனான். லுசாமா அவனுக்கு அத்தை மகன். தென்னம்பாளை சீவி இனிப்புக் கள் இறக்குகிறவன். மரத்தின்மேல் இருக்கும்போதுதான் அவனுக்குப் பாட்டு வரும் என்பார்கள்.

"பதில் கட்டு, மச்சான்."

"எதை வெச்சுக் கட்டுறது? நீ எதையாவது செஞ்சிருக்கணும்ல."

"பதினாலு வருசம் ஆடியிருக்கேன்."

"ஆடினே. ஜெயிச்சியா? நடக்காததைப் பாட்டுல வெச்சா மண்டபத்துலயே நாறிரும். அவனுங்க பாட்டுல ஒரு பொய் இருக்கா சொல்லு. கொக்குகூட நெசமாவே வந்துச்சாம். போய் எதையாவது செஞ்சிட்டு வா. நான் கட்டுறேன்."

அன்றிலிருந்து எத்திமோனிக்கு வேண்டியது ஒன்றுதான். அடுத்த பசிபிக் போட்டிக்குப் போக வேண்டும். அங்கே உண்மையாக ஒன்று நடக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நான்கு வரிகளாகவே அவன் ஊரில் மிஞ்சுவான்.

வைசேயா அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார். கோபத்தில் இல்லை, காரணத்தோடு. "தப்பு உன் மேல இல்ல, உன் உடம்பு மேல. ஆனா உடம்பைத்தான் நான் ஆட விடணும். ஒண்ணு அந்த வண்டி, இல்ல இந்தப் பந்து. ரெண்டும் கெடையாது."

எத்திமோனி வண்டியை விட்டான். விமான நிலையத்திலேயே பெட்டி சுமக்கும் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினான். அங்கே சைரன் அவன் காதில் விழும், ஆனால் அவனுக்கு உரியதல்ல. சாயங்காலம் ஆடும்போது சைரன் ஊதினால் கையைத் தூக்காமல் இருக்கப் பழகினான். ஆரம்பத்தில் தோள்கள் தாமாக எழும், இழுத்துப் பிடிப்பான். பிறகு எல்லோரும் ஓடியபின் கடைசி ஆளாக நடந்து வெளியேறப் பழகினான். பயிற்சியில் வைசேயா தம் கைப்பேசியில் சைரனைப் பதிந்துவைத்து எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கவிடுவார். எத்திமோனி தலையைக்கூடத் திருப்ப மாட்டான். இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு மனிதன் தன்னிடமிருந்து ஒன்றைக் கழற்றி எடுக்க இத்தனை உழைப்பதைப் பார்த்து நாங்கள் வியந்தோம். கழற்றியதை எங்கே வைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் தாமதமாக வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சைரன் ஊதியது, எல்லோரும் ஓடினார்கள். எத்திமோனி பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் கோலுக்கு அடையாளமாக வைத்திருந்த இரண்டு செருப்புகளைப் பார்த்தபடி நின்றான். விமானம் காயலுக்குமேல் தெரிந்தது. புல்வெளியிலிருந்து சுலு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் நின்றான். தீயணைப்பு வண்டியிலிருந்து அவனுடைய பழைய கூட்டாளி குதித்து ஓடிவந்து, இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். விமானி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார்.

வீட்டில் சுலு மீனையும் சுட்ட ஈரப்பலாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

"காது போயிருச்சா?"

"காது நல்லாத்தான் இருக்கு. கேட்டுச்சு. உடம்பு அசையல."

"அதுக்குத்தானே ரெண்டு வருசமா பாடுபட்டே. கெடைச்சிருச்சு. சாப்பிடு."

அவன் சாப்பிடவில்லை. மறுநாள் வைசேயாவைப் பார்க்கப் போனான். நடந்ததைச் சொன்னான்.

"அப்ப நீ தயார்," என்றார் அவர்.

"இல்ல, கோச். இந்த மாதிரி இருக்க எனக்கு வேணாம். நேத்து நான் நின்னேன், சரி. எனக்குப் பின்னால யாராவது ஒரு கொழந்தை நின்னிருந்தா? நான் திரும்ப வண்டிக்குப் போறேன்."

"டீம்?"

"டீமும் வேணும்."

"ரெண்டும் கெடையாதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அப்பறம்?"

"சொன்னீங்கன்னுதான் கேட்டுட்டுப் போக வந்தேன்."

வைசேயா கதவைக் காட்டினார். எத்திமோனி வண்டிக்குத் திரும்பினான். அவனுடைய தோள்கள் ஒரு வாரத்தில் பழையபடி எழத் தொடங்கின. பதில் பாட்டு என்ற பேச்சை லுசாமாவும் விட்டுவிட்டான். அடுத்த இரண்டு ஈஸ்டரிலும் கொக்குப் பாட்டுத்தான்.

ஆனால் எங்களைப் போன்ற நாட்டில் அணியைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியாளர் மட்டுமல்ல. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, பின்வரிசையில் இருந்த மூன்று பேருக்கு நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கும் வேலைக்கு ஒரே நாளில் தாள் வந்தது. மூவரும் போனார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. வைசேயா ஓடுபாதைக்கு வந்து தீயணைப்பு வண்டியின் கதவைத் தட்டினார்.

"எறங்கு."

"டூட்டி, கோச்."

"டூட்டி முடிஞ்சதும் எறங்கு. முப்பத்தேழு வயசு ஆளைக் கூட்டிட்டுப் போறேன்னு ஃபிஜியில சிரிப்பாங்க. சிரிக்கட்டும். காதுல பஞ்சு வெச்சுக்குவியா?"

"வெச்சுக்கிட்டா நீங்க கத்துறது கேக்காதே."

"அதுவும் நல்லதுதான்," என்றார் வைசேயா.

இதுதான் தன்னுடைய கடைசிப் போட்டி என்று கிளம்பும்போதே எத்திமோனி சொல்லிவிட்டான். முதல் ஆட்டத்தில் நான்கு கோலில் தோற்றோம். இரண்டாவது ஆட்டம் அமெரிக்க சமோவாவோடு. இடைவேளைக்குப் பிறகு எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. யாரோ அடித்த மூலைப் பந்து யாருடைய முழங்காலிலோ பட்டுப் போனது. அதன்பின் அரை மணி நேரம் பந்து எங்கள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எத்திமோனி ஓடவில்லை, நின்றான். பந்து வருமிடத்தில் எல்லாம் அவன் முன்பே நின்றிருந்தான். மார்பில் இரண்டு, முகத்தில் ஒன்று. கடைசி நிமிடத்தில் பெத்தியோவைத் தாண்டிப் போன பந்தைக் கோட்டின்மேல் வைத்து இடது காலால் வெளியே தள்ளினான். அந்தக் காலுக்கு அப்படி ஒன்று தெரியும் என்று அவனுக்கே தெரியாது. ஆட்டம் முடிந்தது. வென்றிருந்தோம். பெரிய ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் அவன் செய்ததில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

மறுநாள் காலை லுசாமா தொலைபேசியில் வந்தான். வானொலியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பாளை சீவிக்கொண்டே ஆட்டத்தைக் கேட்டானாம்.

"பாட்டு முடிஞ்சுது, மச்சான். நேத்து சாயந்தரமே அறுபது பேர் படிச்சாச்சு. உம்பொண்டாட்டி இந்தத் தடவை நம்ம வரிசையில நிக்கறேங்குறா. அவ பக்கத்துல பெரிய சண்டை."

"பாடு."

லுசாமா பாடினான்:

வேலை செய்யாத இடது காலே,
எங்கே ஒளிந்திருந்தாய் இத்தனை நாள்?
கோட்டில் நின்று கதவைச் சாத்தினான்,
வென்றவனாய் வெளியே வந்தான்,
மறுபடி உள்ளே போகவில்லை.

"நல்லா இருக்கு," என்றான் எத்திமோனி.

"கடைசி வரிதான் உசுரு. அவனுங்க ஒன்னைய வெளிய ஓடினவன்னு பாடினாங்க. நாம வெளிய வந்ததையே பெருமையா பாடுறோம். இதுக்கு அவனுங்களால பதில் கட்ட முடியாது. பத்து வருசம் ஓடும். ஆனா ஒண்ணு. நாளைக்கு நீ எறங்கக் கூடாது. எறங்கினா அந்த வரி பொய்யாயிரும். பொய்யை நான் பாட மாட்டேன்."

மூன்றாவது ஆட்டம் தாஹித்தியோடு. தீவு நாடுகளில் அவர்கள் கால்பந்தே வேறு. அதில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வைசேயாவும் அதையேதான் நினைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் எத்திமோனியின் தோளைத் தட்டினார். "நாளைக்கு நீ பெஞ்சுல உக்காரு. பத்து கோல் வாங்குவோம், அதுல உனக்கு என்ன வேல? ஜெயிச்ச மேட்ச்தான் உன் கடைசி மேட்ச்சுன்னு ரேடியோக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன்." எத்திமோனி தலையசைத்தான். பெத்தியோ அவன் தட்டில் இன்னொரு கோழித் துண்டை வைத்தான். அன்று அவனைப் பார்த்தவர்கள், அவன் முகத்தில் நிறைவைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

மறுநாள் நாங்கள் ஒன்பது கோலில் தோற்றோம், பின்வரிசையில் எத்திமோனி நின்றிருந்தான். லுசாமா கடைசி வரியை வெட்டினான். அது இல்லாமல் பாட்டு பாதியில் நிற்பதுபோல ஒலிக்கிறது, ஆனாலும் பாடுகிறார்கள். தன் ஆட்டம் எங்கே முடியும் என்பதைப் பாட்டு சொல்லக் கூடாது என்று எத்திமோனி காட்டிவிட்டான் என்பது சுலுவின் கருத்து. அன்று பின்வரிசையில் நிற்க ஆள் குறைவு, அவ்வளவுதான் என்கிறான் பெத்தியோ. பாட்டுக்குள் அடங்கிவிட அவனுக்குப் பயம் வந்திருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவனிடமே கேட்டால், தாஹித்திக்காரர்கள் பந்தை எவ்வளவு அழகாகக் கடத்தினார்கள் என்று பேசத் தொடங்கிவிடுவான்.

நடந்தது இவ்வளவுதான். ஆட்டத்தன்று காலை, ஆடப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வைசேயா விடுதி அறையின் கதவில் ஒட்டிவிட்டுக் காபி எடுக்கப் போனார். திரும்பி வரும்போது எத்திமோனி கதவின் முன் நின்றிருந்தான். பின்வரிசையில் எழுதியிருந்த ஒரு பெயரின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தான்.